அப்பாவின் துப்பாக்கி பீரோவில் இருக்கிறது, இனி அது யாருடையது?

கேள்வி: அப்பா போன மாதம் தவறிவிட்டார். தோட்டத்துக் காவலுக்காக லைசென்ஸ் எடுத்து, முப்பது வருஷமாக ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். இப்போது அது தோட்டாக்களோடு அம்மா வீட்டு பீரோவில் இருக்கிறது. லைசென்ஸ் முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. அதுவரை அங்கேயே வைத்திருந்து, பிறகு என் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாமா? எனக்கு ஒரு தங்கை உண்டு.

பதில்: வைத்திருக்கக் கூடாது. இந்த வாரமே ஒப்படைத்துவிடுங்கள். துக்க வீட்டில் இதைச் சொல்வது கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் தள்ளிப்போட இடமில்லை.

நிலம், நகை போலத் துப்பாக்கியும் வாரிசுக்கு வந்து சேர்ந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பொருளின் மீது உங்களுக்கு உரிமை வரலாம். ஆனால் அதைக் கையில் வைத்திருக்கும் அனுமதி அப்பா என்ற தனி மனிதருக்குக் கொடுக்கப்பட்டது. அவரோடு அது முடிந்துவிட்டது. லைசென்ஸில் அச்சாகியிருக்கும் கடைசித் தேதி உங்களுக்கோ அம்மாவுக்கோ எந்தப் பாதுகாப்பும் தராது.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவு, வைத்திருப்பது சட்டபூர்வமாக இல்லாமல் போன துப்பாக்கியையும் தோட்டாக்களையும் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. ஒப்படைக்கத் தவறினால் அதுவே குற்றம். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. துப்பாக்கி இருப்பது அம்மா வீட்டில். விசாரணை என்று வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

எப்படி ஒப்படைப்பது? துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேரே கிளம்பிவிடாதீர்கள். லைசென்ஸ் இல்லாத நீங்கள் அதைத் தெருவில் எடுத்துச் செல்வதே சிக்கல். முதலில் வெறுங்கையோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். இறப்புச் சான்றிதழ் நகல், லைசென்ஸ் புத்தகம், கையெழுத்திட்ட ஒரு கடிதம், இவை போதும். எப்படிக் கொண்டுவர வேண்டும், காவலர் யாராவது உடன் வருவாரா என்பதை அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். குழலில் தோட்டா இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாவிட்டால் நீங்களாகத் திறந்து பார்க்க வேண்டாம், தெரிந்தவர் வரட்டும். அப்புறம், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். துப்பாக்கியின் எண், வகை, தோட்டாக்களின் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்க வேண்டும். பத்திருபது தோட்டாதானே என்று விட்டுவிடுகிறார்கள். தோட்டாவுக்கும் அதே சட்டம்தான்.

சரி, உங்கள் பெயருக்கு வருமா? வரலாம். 2016 ஆயுத விதிகளின் 25-வது விதி, உரிமதாரர் இறந்தால் அவருடைய சட்டப்படியான வாரிசுக்கு லைசென்ஸ் கொடுக்க வழி செய்கிறது. ஆனால் இது வெறும் பெயர் மாற்றம் இல்லை. நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், காவல்துறை விசாரணை அறிக்கை உங்களுக்குப் பாதகமாக இருக்கக் கூடாது. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். உடல்நலம், மனநலம் பற்றிய மருத்துவச் சான்று, துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சி எல்லாம் கேட்பார்கள். மாவட்டமாக இருந்தால் கலெக்டர் அலுவலகம், மாநகரக் காவல் எல்லைக்குள் இருந்தால் போலீஸ் கமிஷனர் அலுவலகம். தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டு, அம்மாவும் தங்கையும் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தரட்டும். தங்கையிடம் முன்னதாகவே மனம்விட்டுப் பேசுங்கள். ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் நின்றுபோன விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

உங்களிடம் ஏற்கெனவே துப்பாக்கி இருந்தால் ஒரு கணக்கு உண்டு. ஒருவர் வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை 2019 திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. பரம்பரைத் துப்பாக்கியும் அந்த இரண்டுக்குள்தான் அடங்கும்.

விண்ணப்பத்தை மறுத்தால், காரணத்தை எழுத்தில் பதிவு செய்வது அதிகாரியின் கடமை. அதைக் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யலாம். போதுமான சொத்து இல்லை என்பதை மட்டும் காரணமாகக் காட்டி மறுக்க முடியாது.

உண்மையிலேயே அது உங்களுக்குத் தேவைதானா என்பதையும் யோசித்துப் பாருங்கள். அப்பாவுக்குத் தோட்டக் காவல் இருந்தது. நீங்கள் வேறு ஊரில் வேலை பார்த்துக்கொண்டு, வயதான அம்மாவின் பீரோவில் அதை வைக்கப்போகிறீர்கள் என்றால், விற்றுவிடுவதே நல்லது என்பேன். ஒப்படைத்த துப்பாக்கியை, உரிய அதிகாரியின் அனுமதியோடு, உரிமம் உள்ளவருக்கோ வியாபாரிக்கோ விற்கலாம். அந்தப் பணம் வாரிசுகளுக்குத்தான்.

எந்த வழியானாலும், காவல் நிலையத்தில் கொடுத்தாயிற்று என்று மறந்துவிடாதீர்கள். குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறாமலும் விற்காமலும் கிடந்தால், நோட்டீஸ் அனுப்பிவிட்டு அரசு அதைப் பறிமுதல் செய்யலாம். நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்து சேரும்படி, ஒப்படைக்கும் கடிதத்தில் அம்மாவின் முகவரியோடு இப்போது நீங்கள் குடியிருக்கும் முகவரியையும் எழுதிக் கொடுங்கள்.

அப்பாவோ தாத்தாவோ இன்னும் உரிமதாரராக இருக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கி வாங்கி 25 ஆண்டு ஆகிவிட்டாலோ, தான் விரும்பும் வாரிசின் பெயரை அவரே சொல்லி, அந்த வாரிசுக்கு லைசென்ஸ் பெற அதே 25-வது விதி இடம் தருகிறது. அவரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்.