டிக்கியில் ஆம்ப்ளிஃபையர் பொருத்தும்போது ஸ்க்ரூ பெட்ரோல் டேங்கைத் துளைத்துவிட்டது. வீட்டிலேயே அடைக்கலாமா?

ஸ்க்ரூ இன்னும் குத்தியபடியே இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். இப்போதைக்கு அதுதான் அடைப்பு. கழற்றிவிட்டீர்கள், ஒழுகுகிறது என்றால் குளியல் சோப்பை ஓட்டையில் அழுத்தித் தேயுங்கள். சோப்பு பெட்ரோலில் எளிதில் கரையாது, கொஞ்ச நேரம் தாங்கும். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்துபோய், தள்ளி எரியும் அடுப்பிலும் பற்றிக்கொள்ளும்.

டேங்கைக் காலி செய்தால் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளே ஆவி தங்கியிருக்கும் காலி டேங்க்தான் மோசம். காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதனால் வெல்டிங் பேச்சே வேண்டாம். அது ஆவியை முழுதாக வெளியேற்றத் தெரிந்த பட்டறையின் வேலை.

சரி, அடைப்பது எப்படி? இரும்பு டேங்க் என்றால் பெயின்டைக் கையால் சுரண்டி, பெட்ரோல் தாங்கும் எபாக்சி (இரண்டு பொருளைக் கலந்து பூசும், இறுகிக் கெட்டியாகும் பசை) பூசலாம். ஆனால் இப்போதைய டேங்குகள் பல பாலிஎதிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. அதில் சாதாரண எபாக்சி சரியாக ஒட்டாது, சில நாளில் உரிந்து வரும். பிளாஸ்டிக் என்றால் டேங்கையே மாற்றிவிடுவது என் கட்சி.

ஓட்டை டேங்கின் மேல்பக்கம் இருந்தால் சொட்டாது. நாற்றம் மட்டும் வரும், டாஷ்போர்டில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரியலாம். அதையும் விட்டுவைக்கக் கூடாது. அப்புறம், ட்ரில் போட்டிருந்தால் உள்ளே விழுந்த துருவலையும் எடுக்கச் சொல்லுங்கள், பம்ப்பின் வடிகட்டியில் போய் அடைக்கும்.