ஆறாம் கிரேடில் எந்த வகுப்பு? அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஐந்தாம் கிரேடு முடிவதற்கு முன்பே, பெரும்பாலும் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில், மிடில் ஸ்கூல் (பெரும்பாலும் ஆறு முதல் எட்டாம் கிரேடு வரை) வகுப்புத் தேர்வுப் படிவம் வீட்டுக்கு வந்துவிடும். நம்மில் பலருக்குப் பத்தாம் வகுப்பு முடியும்வரை பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே இருந்ததில்லை. அதனால் பதினொரு வயதுப் பிள்ளையிடம் "உனக்கு என்ன வேண்டும்?" என்று பள்ளி கேட்கும்போது நமக்குப் பதற்றம் வருகிறது.

எந்தக் கேள்வி வந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான். இந்த முடிவு சரிப்படவில்லை என்றால் அடுத்த வருடம் மாற்றிக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். எளிதில் மாற்ற முடியாதவை மிகச் சில: கணக்கு, இசைக்கருவி, ஓரளவுக்கு மொழி. யோசிப்பதை அவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாநிலத்தின் ஸ்டார் (STAAR) தேர்வில் நல்ல மதிப்பெண் வந்ததால் மகளைப் பள்ளியே அட்வான்ஸ்டு மேத்தில் சேர்த்துவிட்டது. அவளுக்குப் பயம். வேண்டாம் என்று சொல்லலாமா?
– ஒரு அப்பா, டெக்சஸ்

சொல்லலாம். டெக்சஸில் 2023-ல் வந்த சட்டப்படி, ஐந்தாம் கிரேடு கணக்கில் முதல் 40 சதவீதத்துக்குள் வரும் மாணவர்களை ஆறாம் கிரேடில் அட்வான்ஸ்டு மேத்தில் பள்ளியே சேர்க்க வேண்டும். பெற்றோர் எழுதிக் கொடுத்தால் விலக்கிக்கொள்ளலாம். முன்பெல்லாம் ஆசிரியர் பரிந்துரைத்தால்தான், அல்லது விவரம் தெரிந்த பெற்றோர் போய்க் கேட்டால்தான் இந்த வகுப்பு கிடைக்கும். கேட்கத் தெரியாத வீட்டுப் பிள்ளைகள், கணக்கு நன்றாக வந்தும், வெளியே நின்றார்கள். அதை மாற்றத்தான் இந்தச் சட்டம். உங்கள் மகள் அவள் மதிப்பெண்ணால் அங்கே வந்திருக்கிறாள். இதை முதலில் அவளிடம் சொல்லுங்கள்.

இந்த வகுப்பு எங்கே கொண்டுபோகிறது என்பதையும் பார்த்துவிடுவோம். சாதாரண வரிசையில் ஒன்பதாம் கிரேடில் ஆல்ஜிப்ரா 1, அப்புறம் ஜியாமெட்ரி, ஆல்ஜிப்ரா 2, பன்னிரண்டில் ப்ரீகால்குலஸ். எட்டாம் கிரேடிலேயே ஆல்ஜிப்ரா 1 முடித்தால் பன்னிரண்டில் கால்குலஸுக்கு இடம் கிடைக்கும். அதற்காக ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று கிரேடுகளின் கணக்கை இரண்டு வருடத்துக்குள் சுருக்குகிறார்கள். விகிதம், பின்னத்தை வகுத்தல், குறை எண்கள், நேர்கோட்டுச் சமன்பாடு எல்லாம் அடுத்தடுத்து வரும். ஒன்றில் தடுமாறினால் நின்று சரிசெய்ய நேரம் இருக்காது.

ஆகவே அவள் பயம் எதைப் பற்றியது என்று கேளுங்கள். "ரொம்ப வேகமாகப் போவார்களாம்", "எனக்குத் தெரிந்தவர் யாரும் அந்த வகுப்பில் இல்லை" என்றால் அது செப்டம்பரிலேயே கரைந்துவிடும் பயம். பின்னத்தில் கூட்டல் கழித்தல் இன்னும் தடுமாறுகிறது, விடை வருகிறது ஆனால் எப்படி வந்தது என்று விளக்கத் தெரியவில்லை என்றால், கோடையில் அதை மட்டும் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும். ஆறாம் கிரேடு புத்தகத்தை முன்கூட்டியே முடிக்க வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. பின்னமும் தசமமும் சரளமாக இருந்தால் போதும், மீதியை வகுப்பு பார்த்துக்கொள்ளும்.

என் கருத்து: சேரட்டும். மேலிருந்து சாதாரண வகுப்புக்கு இறங்குவதைப் பள்ளிகள் எளிதாகச் செய்து கொடுக்கும். நடுவில் ஏறுவதற்குத்தான் தேர்வு, கோடை வகுப்பு என்று பல தடைகள். முதல் கிரேடிங் பீரியட் (மதிப்பெண் அறிக்கை தரும் காலகட்டம்) முடியும்வரை பாருங்கள். வீட்டுப்பாடத்தைப் பெரும்பாலும் தானே முடிக்கிறாளா, தூக்கம் கெடுகிறதா என்று கவனியுங்கள். தினமும் இரவு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் நடக்கிறது என்றால், அது அவளுக்கு ஏற்ற வேகம் இல்லை. அப்போது மாற்றிவிடுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

எங்கள் பையனுக்கு அட்வான்ஸ்டு மேத் கிடைக்கவில்லை. கால்குலஸ் வாய்ப்பு இதோடு போய்விட்டதா?
– ஒரு அம்மா, கலிபோர்னியா

போகவில்லை. ஹைஸ்கூலில் ஜியாமெட்ரியையும் ஆல்ஜிப்ரா 2-வையும் ஒரே வருடத்தில் எடுக்கப் பல பள்ளிகள் அனுமதிக்கின்றன. சில இடங்களில் கோடையில் ஒரு பாடத்தை முடிக்கலாம். அந்த வயதில் பிள்ளைக்கும் தான் எதற்காக இதைச் செய்கிறோம் என்பது தெரிந்திருக்கும்.

எட்டாம் கிரேடு ஆல்ஜிப்ரா எல்லோருக்கும் வேண்டுமா என்பதில் கல்வித்துறைக்கே ஒரே கருத்து இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளி மாவட்டம் 2014-ல் மிடில் ஸ்கூலில் ஆல்ஜிப்ரா 1-ஐ நிறுத்தியது. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு, திரும்பக் கொண்டுவருவது என்று 2024-ல் முடிவு செய்தது. பெரியவர்களே பத்து வருடம் சண்டை போட்ட விஷயத்தில், ஆறாம் கிரேடுப் பையனிடம் "நீ பின்தங்கிவிட்டாய்" என்று சொல்லிவிடாதீர்கள். அந்த வார்த்தை மனதில் தங்கிவிடும், "எனக்குக் கணக்கு வராது" என்று அவனே சொல்லத் தொடங்குவான்.

மகள் நான்கு வருடமாகக் கர்நாடக வயலின் படிக்கிறாள். ஆர்கெஸ்ட்ராவில் சேர்த்தால் இரண்டும் கெட்டுவிடும் என்கிறார் பாட்டு டீச்சர். என்ன செய்வது?
– ஒரு அம்மா, நியூ ஜெர்சி

டீச்சரின் கவலையில் நியாயம் இருக்கிறது, முழுக்க இல்லை. இரண்டு முறைகளும் உண்மையிலேயே வேறு. நம் முறையில் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் காலில் ஊன்றி வாசிக்கிறோம். கருவியைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லாததால்தான் கமகத்துக்காக அது தடையில்லாமல் நகர்கிறது. ஆர்கெஸ்ட்ராவில் தாடையாலும் தோளாலும் பிடித்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வேண்டும். சுருதியும் வேறு: நமக்கு ச-ப-ச-ப, அவர்களுக்கு ஜி-டி-ஏ-ஈ. ஒரே வயலினைத் தினமும் மாற்றி மாற்றிச் சுருதி சேர்த்தால் தந்தியும் பாழ், பொறுமையும் பாழ். ஆகவே இரண்டையும் செய்வதென்றால் பள்ளிக்கென்று தனியாக ஒரு வயலின் வாடகைக்கு எடுப்பது அவசியம்.

இன்னொன்றைக் கவனியுங்கள். கேள்வி ஞானம் உள்ள நம் பிள்ளைகள், மேற்கத்திய இசைக்குறிப்பைப் படிக்காமலே, பக்கத்தில் வாசிப்பதைக் கேட்டு அப்படியே வாசித்துவிடுவார்கள். ஆறாம் கிரேடில் சமாளித்துவிடலாம். எட்டாம் கிரேடு பாட்டுகளில் நான்கு பகுதிகள் தனித்தனியாகப் போகும்போது மாட்டிக்கொள்வார்கள். ஆர்கெஸ்ட்ரா ஆசிரியரிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள்: "இவளுக்கு வாசிக்கத் தெரியும், குறிப்பு படிக்கத் தெரியாது, ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொடுங்கள்."

எனக்குப் பிடித்த வழி வேறு ஒன்று. ஆர்கெஸ்ட்ராவில் செல்லோ, அல்லது பேண்டில் கிளாரினெட் போல முற்றிலும் புதிய கருவியை எடுக்கட்டும். இரண்டு கை முறைகளும் ஒன்றோடொன்று மோதாது. நான்கு வருடம் பயிற்சி பெற்ற காது எந்தக் கருவிக்கும் உதவும். கொயரும் (சேர்ந்து பாடும் குழு) நல்ல தேர்வு: பக்கத்தில் இருப்பவர் வேறு ஸ்வரத்தில் பாட, தன் ஸ்வரத்தை விடாமல் பிடித்திருப்பது நம் இசைப் பயிற்சியில் வராத ஒரு திறமை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். பேண்டோ ஆர்கெஸ்ட்ராவோ வேண்டுமென்றால் ஆறாம் கிரேடிலேயே தொடங்குங்கள். ஆரம்ப நிலை வகுப்பு பல பள்ளிகளில் அப்போது மட்டும்தான். எட்டில் ஆசை வந்தால் மற்றவர்கள் இரண்டு வருடம் முன்னால் இருப்பார்கள். (மிருதங்கம் வாசிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: பேண்டில் பெர்கஷனுக்கு இடம் குறைவு, போட்டி அதிகம். இரண்டாவது விருப்பம் ஒன்றையும் யோசித்து வையுங்கள்.)

ஸ்பானிஷ் இப்போதே எடுக்க வேண்டுமா? வீட்டில் தமிழ், வார இறுதியில் தமிழ்ப்பள்ளி. சுமை ஆகாதா?

இரண்டு மொழி தெரிந்த பிள்ளைக்கு மூன்றாவது மொழி சுமையாக இருப்பதில்லை. ஆனால் ஆறாம் கிரேடில் அவசரமும் இல்லை. பல பள்ளிகள் ஸ்பானிஷ் 1-ஐ ஏழு, எட்டு என்று இரண்டு வருடமாகப் பிரித்து நடத்துகின்றன. அப்படி என்றால் ஏழில் சேராதவர் ஹைஸ்கூலில் தொடங்க வேண்டியிருக்கும். உங்கள் பள்ளியில் எந்தக் கிரேடில் தொடங்குகிறது என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

தமிழை இதற்காக விட்டுவிடாதீர்கள். ஹைஸ்கூல் முடிக்கும்போது இரண்டு மொழியில் தேர்ச்சி உள்ளவர்களுக்குத் தரப்படும் 'சீல் ஆஃப் பைலிட்டரசி' அங்கீகாரத்துக்குக் கலிபோர்னியா 2011-ல் முதலில் சட்டம் இயற்றியது. அப்புறம் மற்ற மாநிலங்களும் பின்பற்றின. உங்கள் மாவட்டம் ஏற்கும் தேர்வில் தேறினால் தமிழுக்கும் அது கிடைக்கும். அதற்குப் பேச்சு மட்டும் போதாது, எழுதவும் படிக்கவும் வேண்டும். பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியை விட்டு நழுவுவதும் பெரும்பாலும் இந்த மிடில் ஸ்கூல் வயதில்தான்.

சென்னையிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகிறது. மகனை இங்கிலீஷ் லேர்னர் வகுப்பில் போட்டு, எலெக்டிவ் (விருப்பப் பாடம்) இல்லை என்கிறார்கள். கணக்கிலும் கீழ் வகுப்பு. அவன் அங்கே ஆங்கில மீடியம்தான்.
– ஒரு அம்மா, வட கரோலினா

உங்கள் கடிதத்தைப் படித்து வருத்தப்பட்டேன். இது நிறைய நடக்கிறது. பள்ளியில் சேர்க்கும்போது "வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?" என்று ஒரு படிவம் கொடுத்திருப்பார்கள். தமிழ் என்று எழுதியிருப்பீர்கள், அது சரியான பதில்தான். அதை வைத்து ஒரு ஆங்கிலத் தேர்வு வைத்து, அதன்படி வகுப்பை முடிவு செய்வார்கள்.

முதலில் அந்தத் தேர்வின் மதிப்பெண்ணைக் கேளுங்கள். பேசுதல், கேட்டல், படித்தல், எழுதுதல் தனித்தனியாக இருக்கும். புது நாட்டில், புது உச்சரிப்பில், தெரியாத ஒருவர் முன்னால் வாய் திறக்கத் தயங்கிய பிள்ளைக்குப் பேசுதலில் மட்டும் குறைந்திருக்கலாம். படிப்பதும் எழுதுவதும் நன்றாக இருந்தால் பள்ளிக் கவுன்சிலரிடம் (மாணவர்களின் வகுப்புகளைக் கவனிக்கும் ஆலோசகர்) அதைக் காட்டிப் பேசலாம். தனி வகுப்பு வேண்டாம் என்று பெற்றோர் மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. மறுத்தாலும் வருடாந்தரத் தேர்வு தொடரும், அவனுக்குத் தேவையான உதவியைச் செய்யும் பொறுப்பும் பள்ளியை விட்டுப் போகாது. அவசரப்பட்டு மறுக்கவும் வேண்டாம். உண்மையிலேயே எழுத்தில் உதவி தேவைப்பட்டால் ஒரு வருடம் அந்த வகுப்பு நல்லதே செய்யும்.

கணக்கு வேறு விஷயம். ஆங்கிலம் போதவில்லை என்ற காரணத்துக்காகக் கணக்கில் கீழே வைப்பது தவறு. சான் ஃபிரான்சிஸ்கோவின் சீன மொழி பேசும் மாணவர்கள் தொடுத்த 'லாவ் எதிர் நிக்கோல்ஸ்' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-ல் தீர்ப்பளித்ததிலிருந்து, மொழி தெரியாததால் பாடம் கிடைக்காமல் போகக்கூடாது என்பது பள்ளிகளின் கடமை. "கணக்குக்குத் தனியாக பிளேஸ்மென்ட் டெஸ்ட் (எந்த நிலை வகுப்பு என்று முடிவு செய்யும் தேர்வு) வையுங்கள்" என்று மின்னஞ்சலில் எழுத்தாகக் கேளுங்கள். சென்னைப் பள்ளியின் மதிப்பெண் பட்டியலையும், அங்கே முடித்த பாடங்களின் பெயர்களையும் இணைத்து அனுப்புங்கள்.

சந்திப்பில் உங்களுக்கு ஆங்கிலம் தடையாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைப் பள்ளி இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். மகனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றிய பேச்சைத் தானே மாற்றிச் சொல்வது பிள்ளைக்குப் பெரிய சங்கடம்.

எலெக்டிவ் இல்லாததையும் விட்டுவிடாதீர்கள். புதிதாக வந்த பிள்ளைக்கு நண்பர்கள் கிடைப்பது ஓவிய வகுப்பிலும் பேண்டிலும்தான். அடுத்த அரையாண்டிலாவது ஒரு பீரியட் வேண்டும் என்று கேளுங்கள்.

எல்லாமே ஹானர்ஸ் (சற்றுக் கடினமான நிலை வகுப்பு) எடுத்தால் கல்லூரிக்கு உதவுமா?

கல்லூரிகள் பார்ப்பது ஒன்பதாம் கிரேடிலிருந்து. ஆறாம் கிரேடு ஹானர்ஸ் யார் கண்ணுக்கும் போகாது. ஒரு விதிவிலக்கு உண்டு: எட்டில் எடுக்கும் ஆல்ஜிப்ரா 1, ஸ்பானிஷ் 1 போன்ற ஹைஸ்கூல் பாடங்கள் பல இடங்களில் ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பதிவு) ஏறும். வர்ஜீனியாவில் அந்த மதிப்பெண் வேண்டாம் என்று பெற்றோர் நீக்கக் கேட்கலாம். உங்கள் மாநிலத்தில் எப்படி என்று அப்போது விசாரித்துக்கொள்ளுங்கள். இப்போதைக்குப் பிள்ளைக்குப் பிடித்த ஒன்றிரண்டு பாடங்களில் ஹானர்ஸ் போதும்.

பி.இ.க்கு (உடற்கல்வி) பதில் இன்னொரு எலெக்டிவ் எடுக்கலாமா?

பெரும்பாலும் முடியாது, நான் வேண்டாம் என்றும் சொல்வேன். கலிபோர்னியாவில் 7 முதல் 12 வரை பத்துப் பள்ளி நாட்களுக்கு 400 நிமிடம் உடற்பயிற்சி சட்டத்திலேயே இருக்கிறது. மருத்துவக் காரணம் இருந்தால் மருத்துவர் கடிதத்தோடு பேசுங்கள். உடை மாற்றும் அறைக்குக் கூச்சப்பட்டு வேண்டாம் என்கிறார்களா என்றும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அதற்கு வேறு வழி செய்து தருவார்கள்.

நான் கோடிங் எடுக்கச் சொல்கிறேன். பையன் மண்பாண்ட வகுப்பு வேண்டும் என்கிறான்.

மண்பாண்டம் எடுக்கட்டும். கோடிங் ஏழிலும் இருக்கும், எட்டிலும் இருக்கும். நாள் முழுக்க மற்றவர்கள் முடிவு செய்த வகுப்புகளில் உட்காரும் பிள்ளைக்குத் தானே தேர்ந்தெடுத்த ஒரு மணி நேரமாவது வேண்டும்.

தோழி எடுப்பதையே எடுப்பேன் என்று மகள் அடம்பிடிக்கிறாள்.

ஒரே வகுப்பைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரே பீரியடில் வருவார்கள் என்று நிச்சயம் இல்லை. இதை முன்பே சொல்லிவிடுங்கள். தெரிந்த பிறகும் அதே வகுப்பு வேண்டும் என்றால் அவளுக்கு அது பிடித்திருக்கிறது என்று பொருள், விட்டுவிடுங்கள்.

படிவம் அனுப்பிவிட்டோம். இப்போது மாற்ற வேண்டும்.
– ஒரு அப்பா, இல்லினாய்

கோடை விடுமுறைக்கு முன் என்றால் இப்போதே கவுன்சிலருக்கு எழுதுங்கள். எத்தனை ஆசிரியர் வேண்டும் என்பதைப் பள்ளி இந்தப் படிவங்களை எண்ணித்தான் முடிவு செய்கிறது. அதனால் தாமதமாகும்போது மாற்ற இடம் குறைகிறது. பள்ளி திறந்த பிறகு வழக்கமாக ஒன்றிரண்டு வாரம் மாற்றும் காலம் தருவார்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: எந்த வகுப்பு வேண்டாம், எது வேண்டும், ஏன், அது நிரம்பிவிட்டால் இரண்டாவது விருப்பம் என்ன. "அந்த ஆசிரியரைப் பிடிக்கவில்லை" என்ற காரணத்தை அநேகமாக ஏற்க மாட்டார்கள். வகுப்பின் நிலை பொருந்தவில்லை என்பதை ஏற்பார்கள். பத்து நாளில் பதில் இல்லை என்றால் திரும்ப எழுதுங்கள். ஒரு கவுன்சிலர் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிறார். நினைவூட்டினால் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.