மலையேற்ற அனுபவம் அதிகம் இல்லாதவர்கள் கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குச் செல்லலாமா?

தாராளமாகச் செல்லலாம். ஆனால் தீர்த்தன் ஆறு பிறக்கும் பனிமுகடு வரை போய்த் திரும்ப வேண்டும் என்ற எண்ணத்தை முதல் பயணத்தில் விட்டுவிடுங்கள். குஷைனி கிராமத்திலிருந்து ஆற்றோரமாக ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நடந்து ரோல்லா என்ற முகாமிடத்தில் தங்கி, மறுநாள் அங்கிருந்து செங்குத்தாக ஏறி, சுமார் 3,000 மீட்டர் உயரத்திலுள்ள ஷில்ட்டில் இரண்டு இரவுகள் இருந்துவிட்டு வருவதே போதுமானது என்பேன்.

இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் 754 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கும் இந்தப் பூங்காவை 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. உள்ளே வாகனச் சாலை கிடையாது, விடுதி கிடையாது. ஜீப்பில் அமர்ந்து விலங்குகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு முதல் நாள் ஏமாற்றமாகவே இருக்கும். பனிச்சிறுத்தையும் பழுப்புக் கரடியும் இங்கே உண்டு என்றாலும், அவற்றைப் பார்த்துவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

பறவைகளின் கதை வேறு. இமாச்சலத்தின் மாநிலப் பறவையும், உள்ளூரில் ஜுஜுரானா என்று அழைக்கப்படுவதுமான மேற்கத்திய டிராகோபான், ஏப்ரல், மே மாதங்களில் விடிவதற்கு முன்பே கூவத் தொடங்கும். தொலைந்த ஆட்டுக்குட்டி கத்துவது போன்ற அந்தக் குரலை முதலில் கேட்டபோது யாரோ மேய்ச்சலுக்கு வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உடன் வந்த வழிகாட்டி தோளைத் தொட்டு நிறுத்தி, சரிவில் அடர்ந்திருந்த குறுமூங்கில் புதரைக் காட்டினார். பறவை கண்ணில் படவில்லை, குரல் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. ஷில்ட்டில் கூடுதலாக ஓர் இரவு தங்கச் சொல்வது இதற்காகத்தான்.

வழிகாட்டியையும் சுமை தூக்குபவரையும் சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்தே அமர்த்திக்கொள்ளுங்கள். 1999-இல் இது தேசியப் பூங்காவாக முறைப்படி அறிவிக்கப்படும்வரை, ஆடு மேய்த்தும் மூலிகையும் குச்சி எனப்படும் விலையுயர்ந்த காளானும் சேகரித்தும் இந்தக் காட்டை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் அங்கே ஏராளம். அறிவிப்புக்குப் பின் அந்த உரிமைகள் நின்றுபோயின. எனவே நாம் தரும் கூலியைத் தயவு என்று நினைத்துப் பேரம் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்த ஓடையில் தண்ணீர் எடுக்கலாம், எந்தச் சரிவில் மழைக்குப் பின் கால் வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும்.

ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரையும் ஏற்ற காலம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். 2023 ஜூலை மழையில் குல்லு மாவட்டத்தின் சாலைகளும் பாலங்களும் எவ்வளவு சேதமடைந்தன என்பதை நாடே பார்த்தது. வனத்துறையின் நுழைவு அனுமதி கட்டாயம். அதை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

சண்டிகரிலிருந்து மணாலி செல்லும் பேருந்தில் ஏறினால், ஆவுட் சுரங்கப்பாதைக்கு முன்பாகவே இறங்கி, பஞ்சார் வழியாகக் குஷைனி சென்றடையலாம். வேண்டிய பணத்தைப் பஞ்சாரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் கைப்பேசியை நம்ப முடியாது என்பதால், திரும்பும் நாளைக் குஷைனியில் தங்குமிடத்தாரிடமும் வீட்டாரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.