யாரும் கேள்விப்படாத பழைய றொக் இசைத்தட்டுகளைச் சிலர் ஏன் தேடிச் சேர்த்துப் பகிர்கிறார்கள்?

சைக்கடெலிக் றொக் என்பது 1960களின் நடுவில் எழுந்த, எதிரொலியும் நெளியும் கிற்றார் ஒலியுமாகக் கனவுபோல் கேட்கும் இசை. அதை ஒட்டி வளர்ந்த புரோகிரசிவ் றொக்கில் சிலவேளை ஒரே பாட்டு தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடும்.

பல தட்டுகள் அரிதானதற்குக் காரணம் காசுதான். பெரிய கொம்பனிகள் எடுக்காத குழுக்கள் சொந்தச் செலவில் அச்சடித்தன. பிரித்தானியாவில் அப்போது 100 பிரதிக்குக் குறைந்தால் கொள்வனவு வரி இருக்கவில்லை என்பதால் 99 உடன் நிறுத்தியவர்களும் உண்டு. மூல ஒலிநாடா தொலைந்தால் மிஞ்சுவது அந்தத் தட்டுகள் மட்டுமே.

விதைநெல்லும் இப்படித்தான். கிளிநொச்சியில் ஒருவருடைய பச்சைப்பெருமாள் அழிந்துபோனாலும், முன்பு அவரிடம் வாங்கிப்போன முல்லைத்தீவுக்காரரிடம் அது இருக்கும். பகிர்ந்தபடியால் தப்பியது.

தட்டு வாங்குமுன் லேபலைச் சுற்றியுள்ள வெற்று வளையத்தை வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கள். முதல் அச்சா, மறு அச்சா என்பதை அங்கே கீறியிருக்கும் எண் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். பிறகு, வன்னி வெயிலுக்குத் தட்டு வளைந்துவிடும். நிழலில் நிமிர்த்தியே வையுங்கள்.

கடையில் கிடைக்காத இசைக்கு உரிமையாளர் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அச்சு நின்றாலும் பதிப்புரிமை நிற்பதில்லை.