விமானக் கிட்டுக்குச் சேலத்து ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாமா?

கேள்வி: ஓமலூர் பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானக் கிட் ஒன்றை அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்ஜின் ரோட்டாக்ஸ் 912 யூ.எல்.எஸ். வால் பகுதிப் பெட்டியில் ஏஎன்3 (அமெரிக்க விமான போல்ட் அளவு) போல்ட் பாக்கெட் ஒன்று வரவில்லை. கிட்டை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் அதைத் தனியாகத் தரமாட்டாராம். கிளாஸ் காக்பிட் (திரை வைத்த கருவிப் பலகை), ஆட்டோபைலட், வீல் பேன்ட் (சக்கர உறை), முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் எல்லாம் சேர்ந்த ‘அப்கிரேடு பேக்கேஜ்’ எடுத்தால் இலவசமாகத் தருவாராம். சூரமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் மச்சான், “சேலத்து ஸ்டெயின்லெஸ்ஸிலேயே எம்5 போல்ட் இருக்கே, எதுக்கு அமெரிக்கா வரைக்கும் போறீங்க?” என்கிறார். எலிவேட்டர் (விமான மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) கம்பி சேரும் இடத்தில் ஒரு ஓட்டையை ரீமர் விட்டு 5 மி.மீ. ஆக்கிப் போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. அப்படியே விடலாமா? பேக்கேஜில் எதை எடுக்கலாம்?

பதில்: விட வேண்டாம். அந்த போல்ட்டைக் கழற்றி மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரீமர் விட்ட ஓட்டையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்குள் இன்னொரு ஓட்டையில் கை வைத்துவிடாதீர்கள்.

ஏஎன்3 என்றால் 3/16 அங்குலம், அதாவது 4.76 மி.மீ. உங்கள் எம்5 போல்ட் 5 மி.மீ. கால் மில்லிமீட்டர் என்றால் என்ன என்று லேத்துக்காரருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அடுத்த அளவான ஏஎன்4, 6.35 மி.மீ. அந்த ஓட்டையில் எம்6 போட்டால் லொடலொடவென்று ஆடும். ஆக, கடை போல்ட்டுக்காக ஒரு இடத்தில் ஓட்டையைக் கெடுக்க வேண்டும், இன்னொரு இடத்தில் ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விமானத்தில் இரண்டும் ஆகாது.

வலிமைக்கு வருவோம். கடை ஸ்டெயின்லெஸ் போல்ட்டின் தலையைப் பாருங்கள், பெரும்பாலும் ஏ2-70 என்று இருக்கும். 700 மெகாபாஸ்கல் இழுவைக்குத் தாங்கும் என்று அர்த்தம். ஏஎன் எஃகு போல்ட் சுமார் 860 தாங்கும், அதன் தலையில் சிலுவை மாதிரி ஒரு குறி இருக்கும். 700 போதாதா என்று மச்சான் கேட்பார். சில இடங்களில் போதும்தான். ஆனால் எந்த இடத்தில் போதும் என்பது அந்த விமானத்தை வடிவமைத்தவருக்குத்தான் தெரியும். எனக்கும் தெரியாது, மச்சானுக்கும் தெரியாது. அதோடு, கடை போல்ட்டில் பெரும்பாலும் தலை வரைக்கும் மரை ஓடும். ஏஎன் போல்ட்டில் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவுக்கு வழுவழுப்பான தண்டு இருக்கும், மரை வெளியேதான் தொடங்கும். தகட்டுக்குள் மரை உட்கார்ந்தால், பறக்கும்போது வரும் அதிர்வில் அது அரம் மாதிரி அலுமினியத்தை ராவிக்கொண்டே இருக்கும்.

துருவும் இருக்கிறது. ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காது, சரி. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம்? ஏற்காட்டில் என் வீட்டு அலுமினிய ஜன்னலுக்கு ஸ்டெயின்லெஸ் திருகு போட்டிருக்கிறேன். மூடுபனிக் காலம் முடிந்ததும் திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கும், அரிக்கப்படுவது ஜன்னல்தான். ஏஎன் போல்ட்டின் மேல் மஞ்சளாகத் தெரிவது காட்மியம் பூச்சு. அலுமினியத்தோடு சண்டை போடாமல் இருக்கத்தான் அந்தப் பூச்சு.

இன்னொன்று, சேலத்து ஸ்டெயின்லெஸ் என்கிறாரே மச்சான்! நம் உருக்காலை செய்வது தகடும் சுருளும். போல்ட் செய்வதில்லை. அவர் கடை டப்பாவில் இருப்பது எந்த ஊர்க் கம்பி என்று அவருக்கே தெரியாது.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் உங்கள் மச்சானின் பக்கம் நியாயம் உண்டு. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றுக்கும் வழக்காடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்ஜினுக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் ஒரு தகட்டுச் சுவர் இருக்கும், ஃபயர்வால். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும்; இன்ஜின் தீயோ 1,100 டிகிரியைத் தொடும். அதனால் அந்தச் சுவருக்கு அலுமினியம் கிடையாது. அமெரிக்காவில் சிறு விமானங்களுக்கு வழக்கமான அளவுப்படி 0.015 அங்குல ஸ்டெயின்லெஸ் தகடு, அதாவது சுமார் 0.4 மி.மீ., தனிச் சோதனை இல்லாமலே தீத்தாங்கி என்று ஏற்கப்படும். சாதா எஃகு என்றால் 0.018 அங்குலமும் துருத் தடுப்பும் வேண்டும். கிட்டோடு வந்த ஃபயர்வால் கப்பலில் நசுங்கி வந்திருந்தால், கிட் நிறுவனத்திடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு, ஆலைச் சோதனைச் சான்றிதழோடு வரும் 304 ரக ஸ்டெயின்லெஸ் தகட்டை இங்கேயே வாங்கி வெட்டலாம். கடைக்காரர் சொல்லும் கேஜை நம்பாமல் மைக்ரோமீட்டர் வைத்து நீங்களே அளங்கள். நான்கு மூலையிலும், நடுவிலும் அளங்கள். அப்புறம், அவ்வளவு நல்ல தகட்டில் கேபிள் போக ஓட்டை போட்டு, ஓட்டையில் ஐந்து ரூபாய் ரப்பர் வளையத்தை மாட்டுவார்கள்! ரப்பர் நொடியில் எரிந்து போகும், தீ அந்த ஓட்டை வழியாக உள்ளே வரும். ஓட்டையை மூடுவதும் எஃகாக இருக்க வேண்டும், இடுக்கில் தீத்தாங்கும் பூச்சு வேண்டும். நசுங்காத ஃபயர்வாலைத் தொடவே தொடாதீர்கள்.

மறுபடி போல்ட்டுக்கு. விட்டுப்போன பாக்கெட்டைக் கேட்டுக் கிட் நிறுவனத்துக்கு எழுதும்போது எண்ணின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். ஏஎன்3-5 வேறு, ஏஎன்3-5ஏ வேறு. ‘ஏ’ இருந்தால் தண்டில் ஓட்டை இருக்காது, இல்லாவிட்டால் இருக்கும். எலிவேட்டர் கம்பி சேரும் இடம் அசைந்து திரும்பும் இடம். அங்கே ஓட்டையுள்ள போல்ட், கிரீடம் போன்ற காஸ்ட்டில் நட்டு, அதன் குறுக்கே காட்டர் பின் (நட்டு கழலாமல் தடுக்கும் வளைகம்பி). நைலான் வளையம் வைத்த நட்டை மட்டும் நம்பி அங்கே போடக்கூடாது, ஆட ஆடக் கழன்று வரும். அந்த நைலான் சுமார் 120 டிகிரி வரைதான் தாங்கும், இன்ஜின் பக்கமும் அதற்கு இடமில்லை.

இப்போது உங்கள் ஏஜென்ட். ஒரு ஏஎன்3 போல்ட் அமெரிக்காவில் சில்லறைக் காசுதான். அதை ‘இலவசமாக’த் தருவதாகச் சொல்லிப் பல லட்ச ரூபாய்ப் பேக்கேஜைத் தலையில் கட்டப் பார்க்கிறார். பேக்கிங் லிஸ்ட்டையும் பெட்டியின் படத்தையும் வைத்து, விட்டுப்போன பாக்கெட் எண்ணைக் குறிப்பிட்டு, கிட் நிறுவனத்துக்கு நீங்களே நேராக மெயில் போடுங்கள். பெட்டி பிரித்த சில வாரங்களுக்குள் சொன்னால் பல நிறுவனங்கள் விட்டுப்போனதைக் காசில்லாமல் அனுப்புகின்றன, அதனால் இன்றே போடுங்கள். நாள் கடந்துவிட்டது என்றால், ஏர்கிராஃப்ட் ஸ்ப்ரூஸ் மாதிரி விமான உதிரிக் கடைகளில் வாங்கலாம். கூரியர்தான் போல்ட்டைவிட அதிகம் ஆகும், ஆகட்டும்.

ஏஜென்ட் ‘சர்டிஃபிகேட் இருக்கு’ என்று ஒரு ஜெராக்ஸை நீட்டுவார். நான் வேலை பார்த்த ஒரு ஹேங்கரில் மூன்று வேறு வேறு பாகங்களுக்கு ஒரே எண் போட்ட சான்றிதழ் வந்தது, மூன்றும் ஒரே மூலத்தின் நகல். கேட்டதற்கு, “சார், எல்லாம் ஒரே கம்பெனிதானே” என்றார் கொண்டுவந்தவர். சின்ன ஊர் விஷயம் என்று நினைக்காதீர்கள். லண்டன் நிறுவனம் ஒன்று போலிக் காகிதத்தோடு விற்ற பாகங்கள், பெரிய பயணிகள் விமானங்களின் சிஎஃப்எம்56 இன்ஜின்களுக்குள்ளேயே இருந்தது 2023இல் தெரியவந்தது. பாகத்தின் எண், சான்றிதழின் எண், பில்லின் எண் மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் வாங்காதீர்கள்.

நம் ஊர் அதிகாரிகள் இதற்கு உதவுவார்களா என்றால், என் வாயைக் கிளறாதீர்கள். மும்பையில் மொட்டைமாடியில் விமானம் கட்டிய கேப்டன் அமோல் யாதவ், 2017இல் பதிவு வாங்குவதற்குள் எத்தனை வருடம் அலைந்தார் என்பது ஊருக்கே தெரியும். 1934ஆம் ஆண்டு விமானச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது. பெயர் மாறியிருக்கிறது, மேசைகள் மாறவில்லை. பில், படம், மெயில் எல்லாவற்றையும் தேதி போட்டுக் கோப்பில் வையுங்கள். வாயால் சொன்ன சம்மதம் எந்த மேசையிலும் செல்லாது.

பேக்கேஜ் விஷயத்தில் ஒரே கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: தகட்டை மூடி ரிவெட் அடித்த பிறகு இதைப் போட முடியுமா? முடியாதவற்றை மட்டும் இப்போது முடிவு செய்யுங்கள். இறக்கைக்குள் ஒயர் போகும் குழாய், விளக்கு ஒயர், ஆன்டெனா அடியில் வைக்கும் தடிப்புத் தகடு, ஆட்டோபைலட் மோட்டாருக்கான பிராக்கெட், இவை சில்லறைச் செலவுதான். பாராசூட்டும் இப்போதே முடிவு செய்ய வேண்டியது, அதன் பட்டைகள் தகட்டுக்கு அடியில் ஓடுகின்றன. ஆனால் அதை விரித்து வெளியே இழுக்க ராக்கெட் இருக்கிறது, சாதாரணக் கூரியரில் வராது. எந்த வழியாக, எந்த அனுமதியோடு வரும் என்று ஏஜென்டை எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். அங்கேயே பாதிப் பேச்சு நின்றுவிடும்.

கிளாஸ் காக்பிட்டைக் கடைசியில் வாங்குங்கள். நீங்கள் கட்டி முடிப்பதற்குள் இன்றைய மாடல் பழசாகிவிடும், வாரண்டி பெட்டிக்குள்ளேயே தீர்ந்துபோகும். வீல் பேன்ட் அழகுதான். மண் தரையில் இறங்கினால் சேற்றை அள்ளிக்கொள்ளும். இப்போது வேண்டாம்.

எடையையும் பாருங்கள். உங்கள் விமானம் வெறுமையாக 350 கிலோ, உச்ச எடை 600 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 80 கிலோ ஆள் இரண்டு பேர், 60 லிட்டர் பெட்ரோல் சுமார் 43 கிலோ. மிச்சம் 47 கிலோ. பேக்கேஜ் 25 கிலோ தின்றால் கையில் இருப்பது 22. ஏஜென்ட் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினாரா?

நீங்கள் கேட்காவிட்டாலும் பெட்ரோல் ஹோஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அடுத்து அதற்கும் மச்சான் ஒரு யோசனை வைத்திருப்பார். நம் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. ரோட்டாக்ஸ் 912 யூ.எல்.எஸ். ஏற்பது 10 சதவீதம் வரைதான். கார் ஸ்பேர் கடை ரப்பர் குழாயைப் போட்டு, இ20 ஊற்றி ஓட்டினால் குழாய் உள்ளே ஊதித் துகள் துகளாக உரியும், அது கார்புரேட்டரில் போய் அடைக்கும். ரோட்டாக்ஸ் சொல்லும் ஹோஸ், அதன் மேல் தீயுறை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ரப்பர் அத்தனையும் மாற்றம். இதில் பேரமே இல்லை. ஈயம் கலந்த ஏவ்கேஸ் என்ற விமானப் பெட்ரோல் ஊற்றினால் 25 மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுங்கள்.

சரி, அந்த ஓட்டை. 5 மி.மீ. ஆகிவிட்டதால் ஏஎன்3 இனி அதில் ஆடும். ஏஎன்4 போடும் அளவுக்குப் பெரிதாக்கலாமே என்று தோன்றும். ஓட்டையின் மையத்திலிருந்து தகட்டு விளிம்பு வரை, போல்ட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஏஎன்3க்கு 9.5 மி.மீ. போதும், ஏஎன்4க்கு 12.7 மி.மீ. வேண்டும். வெர்னியர் வைத்து விளிம்பு தூரத்தை அளந்து, ஓட்டையின் விட்டத்தையும் குறித்து, அளவுகோல் பக்கத்தில் தெரியும்படி படம் எடுத்து, பாக்கெட்டுக்குப் போடும் அதே மெயிலில் அனுப்புங்கள். ஏஎன்4 போடுவதா, அந்த பிராக்கெட்டையே மாற்றுவதா என்று அவர்கள் எழுத்தில் சொல்லும் வரை வால் பகுதியை மூட வேண்டாம்.