யாக்கோபு, ஜேம்ஸ், சந்தியாகு: மூன்றும் ஒரே பெயரா?

கேள்வி: தமிழ் பைபிளில் முற்பிதாவும் யாக்கோபு, இயேசுவின் சீடரும் யாக்கோபு. ஆங்கிலத்தில் முன்னவர் ஜேக்கப், பின்னவர் ஜேம்ஸ். எது சரி?

பதில்: தமிழ்தான் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது. இரண்டுக்கும் மூலம் எபிரேய 'யஅகோவ்'. 'அகேவ்' என்றால் குதிகால். அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்ததால் இந்தப் பெயர் என்கிறது ஆதியாகமம் 25:26. 'இறைவன் காப்பாராக' என்ற பொருள்கொண்ட நீண்ட பெயரின் சுருக்கமே இது என்பது மொழியறிஞர் பலரின் கருத்து.

நடுவில் வரும் 'ஐன்' என்ற தொண்டை ஒலிக்குக் கிரேக்கத்தில் எழுத்தில்லை, உதிர்ந்துபோயிற்று. பழைய ஏற்பாட்டு முற்பிதாவை 'இயாகோப்' என்று அப்படியே விட்டார்கள். புதிய ஏற்பாட்டு மனிதர்களுக்குக் கிரேக்க விகுதி சேர்த்து 'இயாகோபொஸ்' ஆக்கினார்கள். பிளவு தொடங்கிய இடம் இதுதான். லத்தீனில் அது 'இயாகோபுஸ்'. பேச்சு லத்தீனில் பகரம் மகரமாகி 'இயாகோமுஸ்' ஆனது, இரண்டும் இதழொலிகள்தானே! இத்தாலிய ஜாக்கோமோவும் பழைய பிரெஞ்சு ஜேம்ஸும் அதன் பிள்ளைகள். 1066-க்குப் பின் நார்மானியர் வழியாக ஜேம்ஸ் இங்கிலாந்தில் வேரூன்றியது. ஆனால் லத்தீனில் எழுதும்போது மூலம் வெளிப்பட்டுவிடும்: 1688-இல் அரியணை இழந்த இரண்டாம் ஜேம்ஸின் ஆதரவாளர்களுக்குப் பெயர் 'ஜாக்கபைட்'.

கேள்வி: எங்கள் தாத்தா பெயர் சந்தியாகு. லத்தீனில் உள்ள ஞானஸ்நானப் பதிவில் 'யாக்கோபும்' என்றும், அப்பாவின் பதிவில் தகப்பன் பெயர் 'யாக்கோபி' என்றும் இருக்கிறது. இவர்கள் வேறு வேறு ஆட்களா?

பதில்: ஒரே ஆளாக இருக்கவே வாய்ப்பு அதிகம். லத்தீனில் பெயரும் வேற்றுமை ஏற்கும். 'பாப்திசாவி யாக்கோபும்' என்றால் 'யாக்கோபுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன்': செயப்படுபொருள், அதனால் 'உம்' விகுதி. 'பிலியும் யாக்கோபி' என்றால் 'யாக்கோபின் மகனை': 'இ' விகுதி 'உடைய' என்ற பொருள் தரும். விகுதியை நீக்கிவிட்டு, மிஞ்சும் பகுதியை மட்டும் ஒப்பிடுங்கள். அத்துடன் தாய் பெயர், ஊர், ஆண்டு மூன்றும் பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். பெயரை மட்டும் நம்பினால் சித்தப்பாவைத் தாத்தாவாக எடுத்துக்கொள்ள நேரும்.

சந்தியாகு போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. 'சாந்த்' என்றால் புனித, 'இயாகோ' யாக்கோபு. ஆகவே 'புனித சந்தியாகப்பர்' என்னும்போது 'புனித' இருமுறை வருகிறது. யாழ்ப்பாணத்துச் 'சந்தியோகுமையோர்' இன்னும் அழகு: 'மையோர்' என்பது 'பெரிய'. அப்போஸ்தலர்களில் யாக்கோபு இருவர் என்பதால் வந்த அடைமொழி. பெரியவரின் திருநாள் ஜூலை 25. தாத்தா அதையொட்டிப் பிறந்திருந்தால், பெயர் வந்த காரணமும் கிடைத்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. பிரெஞ்சு 'ஜாக்' இந்தக் குடும்பம்தான்; ஆங்கில 'ஜாக்' அப்படியல்ல, அது யோவானிலிருந்து, அதாவது ஜானிலிருந்து வந்தது. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் வம்சாவளி வரைபவர்கள் இங்கே அடிக்கடி தடுக்கி விழுகிறார்கள்.

கேள்வி: யாகூப், ஹேமிஷ் இரண்டும் இதே பெயரா?

பதில்: ஆம். அரபியில் 'ஐன்' இருப்பதால் 'யஃகூப்' மூலத்துக்கு மிக நெருக்கமாக நிற்கிறது. தமிழில் எழுதும்போது அந்த ஒலி மறைந்து யாகூப் ஆகிறது. ஹேமிஷ் ஸ்காட்லாந்து கேலிக் மொழியில் பிறந்தது. அங்கே ஜேம்ஸ் 'ஷேமஸ்'. அவரைக் கூப்பிடும்போது முதல் 'ஷ' மெலிந்து 'ஹ' ஆகும், இறுதி 'ஸ்' 'ஷ்' ஆகும். கண்ணனைக் 'கண்ணா' என்று அழைக்கிறோமே, அதுபோன்ற விளி வடிவம். அதைக் காதில் கேட்ட ஆங்கிலேயர் தனிப்பெயராகவே எழுதிக்கொண்டார்கள்.