குளிர்கால ஆர்.வி. பயணம்: எந்த இரவுக்கு முன்பதிவு வேண்டும்?

கேள்வி: டிசம்பர் 20 முதல் ஜனவரி 3 வரை ஆர்.வி. (படுக்கை, சமையல் வசதியுள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, இரண்டு பிள்ளைகளோடு ஹூஸ்டனிலிருந்து டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்கா, அரிசோனாவின் டூசான் வழியாகக் கிராண்ட் கேன்யன் போய்வரத் திட்டமிட்டிருக்கிறோம். எல்லா இரவுக்கும் இடம் பதிவு செய்துவிடலாம் என்கிறேன் நான். "குளிர்காலத்தில் யார் வரப்போகிறார்கள், போகிற இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார் கணவர். உங்கள் யோசனை என்ன?
- ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: குளிர்காலத்தில் கூட்டம் இருக்காது என்பது வடக்கே மிச்சிகனுக்குப் பொருந்தும், சகோதரி. நான் வசிக்கும் டூசானில் நிலைமை தலைகீழ். பனியிலிருந்து தப்பிக் கனடாவிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வருகிற முதியவர்கள், தனியார் முகாம்களை மாதக் கணக்கில் எடுத்துத் தங்கிவிடுகிறார்கள். ஓரிரவுக்கு வருகிறவர்களுக்கு மிஞ்சுவது இடையில் விழும் இடங்கள்தாம். அதனால் இங்கே கட்டாயம் பதிவு செய்யுங்கள். ஊருக்கு வடக்கே இருக்கும் கேட்டலினா மாநிலப் பூங்காவை முதலில் பாருங்கள். மின்சாரமும் தண்ணீரும் உண்டு, மலை வாசலிலேயே நிற்கும்.

பிக் பெண்ட் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. பூங்காவின் முகாம்களில் முன்பதிவு இல்லாமல் தங்க முடியாது. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை அங்கே நெரிசல் காலம். வடக்கு வழியில் மாரத்தான் ஊரைத் தாண்டினால், பூங்கா நடுவிலுள்ள பாந்தர் ஜங்ஷன் வரை சுமார் 110 கிலோமீட்டர் வெறும் பாலைவனம். இருட்டிய பிறகு இடமில்லை என்று தெரிந்து, தூங்கி விழும் பிள்ளைகளோடு அதே சாலையில் திரும்பும் நிலை உங்களுக்கு வரக் கூடாது. ஆற்றங்கரையில் இருக்கும் ரியோ கிராண்ட் வில்லேஜ் முகாம் தாழ்வான இடம், குளிர் குறைவு. சீசோஸ் மலைப்பள்ளத்துக்குப் போகும் சாலை வளைந்து வளைந்து ஏறும். 24 அடிக்கு மேல் நீளமான ஆர்.வி. அங்கே வேண்டாம் என்று பூங்காவே சொல்கிறது.

உங்கள் கணவர் சொல்வது வழிப்பயணத்து இரவுகளுக்குச் சரி. எங்கள் பயணங்களில் என் கணவர் ஓட்டுவார், நான் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும்போது அன்றைய இரவுக்குத் தொலைபேசியில் இடம் கேட்பேன். ஃபோர்ட் ஸ்டாக்டன், லாஸ் க்ரூசஸ் போன்ற நெடுஞ்சாலை ஊர்களில் இது நடக்கும். மேற்கு டெக்சாஸில் பலத்த காற்று வீசினால் உயரமான வண்டியை ஓட்டவே கூடாது. நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் பணம் கட்டிய இடம் காத்திருந்தால் மனம் ஓட்டத்தான் சொல்லும். அந்த இரவுகளைத் திறந்தே வைத்திருங்கள். டிசம்பர் 24, 25, 31 தேதிகள் மட்டும் விலக்கு. அவை எந்த ஊரில் விழுந்தாலும் பதிவு செய்துவிடுங்கள்.

எனக்குக் கவலை தருவது கிராண்ட் கேன்யன்தான். வழியில் வரும் பீனிக்ஸ் சுமார் 330 மீட்டர் உயரம், கேன்யனின் தென் விளிம்பு 2,100 மீட்டர். ஒரே நாளில் வெயிலிலிருந்து பனிக்குள் ஏறுகிறீர்கள். பனி பொழிந்தால் ஃபிளாக்ஸ்டாஃப் போகும் 17ஆம் எண் நெடுஞ்சாலையையே மூடிவிடுவார்கள். தென் விளிம்பில் குளிர்காலத்திலும் திறந்திருக்கும் டிரெய்லர் வில்லேஜ் முகாமில் முழு இணைப்புகளோடு (மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்) இடம் பிடியுங்கள். ஹீட்டர் எரிவாயுவில் எரிந்தாலும் அதன் விசிறி சுழல பேட்டரி வேண்டும். டிசம்பரில் இரவு ஏறத்தாழ 14 மணி நேரம். மின் இணைப்பு இல்லாமல் பிள்ளைகளோடு அங்கே தங்குவதை நான் ஒப்பமாட்டேன். தண்ணீரைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு, படுக்கும் முன் குழாயைக் கழற்றிவிடுங்கள். இரவில் உறைந்துவிடும். கேன்யனுக்கு ஏறும் நாளை ஒட்டி ஒரு நாளைக் காலியாக விடுங்கள். சாலை மூடினால் வழியில் தாழ்வாக இருக்கும் கேம்ப் வெர்டி ஊரில் காத்திருந்து ஏறலாம்.

பதிவு செய்தால் கட்டுண்டுவிடுவோம் என்று கணவர் அஞ்சினால் இதைச் சொல்லுங்கள்: பிக் பெண்ட் போன்ற தேசியப் பூங்கா முகாம்களைப் பதிவு செய்யும் ரெக்ரியேஷன்.கவ் இணையதளத்தில் முகாம் பதிவை ரத்து செய்ய 10 டாலர்தான். போய்ச் சேரும் நாளிலோ முந்தின நாளிலோ ரத்து செய்தால் முதல் இரவு வாடகையும் போகும். அதனால் மனம் மாறுகிறவர்கள் இரண்டு மூன்று நாள் முன்பே விட்டுவிடுவார்கள். பிக் பெண்டில் இப்போது இடம் நிரம்பியிருந்தாலும் சோர்ந்துவிடாதீர்கள், அந்த நாட்களில் காலையும் மாலையும் தளத்தைத் திறந்து பாருங்கள்.

பொது நிலத்தில் இலவசமாக நிறுத்தலாம் என்று நண்பர்கள் சொல்லக்கூடும். மண் சாலையில் ஓட்ட வாடகை ஒப்பந்தம் அனுமதிக்கிறதா என்று முதலில் படித்துவிடுங்கள்.